முதல் ஸ்டெத் எது வாங்குவது? லேபில் பிபி சத்தமே சரியாகக் கேட்கவில்லை

நர்சிங் மாணவி, முதலாண்டு:

எல்லோருக்கும் வணக்கம். பிஎஸ்சி நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். இரண்டாவது செமஸ்டரில் ஹெல்த் அசெஸ்மென்ட் இருப்பதால் ஆளுக்கொரு ஸ்டெத் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சர்ஜிக்கல் கடையில் கேட்டதற்கு, லிட்மன் கிளாசிக் 3 தவிர வேறு எதை வாங்கினாலும் காசு வீண் என்கிறார் கடைக்காரர். அப்பா தறி ஓட்டுகிறார். வாங்கித் தருகிறேன் என்றுதான் சொல்கிறார், ஆனால் எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை. நம் ஊர் கம்பெனி ஸ்டெத் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அது போதுமா?

இன்னொரு கவலையும் இருக்கிறது. லேபில் பிபி பார்க்கும்போது எனக்குச் சத்தம் ரொம்ப மெதுவாகத்தான் கேட்கிறது, சில நேரம் கேட்பதே இல்லை. அதே ஸ்டெத்தில் பக்கத்தில் இருக்கும் தோழிக்கு நன்றாகக் கேட்கிறது. காதில் கோளாறா, ஸ்டெத்தில் கோளாறா? விலை கூடியது வாங்கினால் இது சரியாகுமா?

ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு:

தங்கச்சி, அப்பா காசைச் செலவழிக்கும் முன்னால் இரண்டாவது கேள்வியைத் தீர்த்துவிடுவோம். அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வி பாதி முடிந்துவிடும்.

இயர்பீஸ் இரண்டும் மூக்குப் பக்கம் பார்த்து இருக்கிறதா? காதுத் துளை முன்பக்கமாகத்தான் சாய்ந்து போகிறது. திருப்பி மாட்டினால் முனை காதுச் சுவரில் முட்டி அடைத்துக்கொள்ளும். அதோடு அளவும் முக்கியம். லேபில் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் முனைதான் இருக்கும். சின்னக் காதுக்கு அது பொருந்தாது, இடுக்கு வழியாக வெளிச்சத்தம் உள்ளே வந்துவிடும்.

அடுத்து, இரண்டு பக்கத் தலை உள்ள ஸ்டெத் என்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். தலையைப் பிடித்து 'கிளிக்' என்று வரும்வரை திருப்பி, விரலால் டயஃப்ரத்தை, அதாவது தலையின் தட்டையான சவ்வை, லேசாகத் தட்டிப் பார். சத்தம் வராவிட்டால் மறுபக்கம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். சர்வீஸில் எத்தனை வருடமானாலும் இந்தப் பழக்கத்தை விடக் கூடாது.

மூன்றாவது, வைக்கிற இடம். முழங்கையை நீட்டச் சொல்லி, உள்பக்கத்தில் பிரேக்கியல் நாடியை விரலால் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேலேயே வை. குத்துமதிப்பாக நடுவில் வைத்தால் கேட்காது. கையில் சுற்றும் கஃப் பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். ஸ்டெத் தலையைக் கஃபுக்குள் சொருகாதே. டியூப் எதிலாவது உரசினாலும் அந்தச் சத்தம் மற்றதை மூடிவிடும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்.

ஐசியூ நர்ஸ், கோவை:

நான் கிளாசிக் 3 பக்கம்தான் பேசுவேன். படிக்கும்போது வாங்கியதை இன்னும் பயன்படுத்துகிறேன். 5 வருட வாரண்டி உண்டு. முனை, டயஃப்ரம் எல்லாம் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். பெரிய பக்கம் பெரியவர்களுக்கு, சின்ன பக்கம் குழந்தைகளுக்கு. லேசாக வைத்தால் தாழ்ந்த சத்தம், அழுத்தினால் உயர்ந்த சத்தம் என்று ஒரே பக்கத்தில் இரண்டையும் கேட்கலாம். நுரையீரலின் அடியில் கிரெப்ஸ் என்கிற மெல்லிய நொறுநொறுச் சத்தம் கேட்கும்போது விலையின் அருமை தெரியும். முடிந்தால் ஒரே தடவையில் நல்லதை வாங்கிவிடுங்கள் தங்கச்சி.

ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு:

கிளாசிக் 3 நல்ல பொருள், மறுக்கவில்லை சிஸ்டர். ஆனால் முதலாண்டில் இந்தப் பிள்ளை பிபியும் ஏபெக்ஸ் பல்ஸும் (நெஞ்சில் ஸ்டெத் வைத்து எண்ணும் இதயத் துடிப்பு) பழகப் போகிறாள். போஸ்டிங்கில் ஸ்டெத் கை மாறும், தொலையும். நாலு வருடம் முடித்து ஐசியூவா, குழந்தைகள் வார்டா, கம்யூனிட்டியா என்று தெரிந்த பிறகு சொந்தச் சம்பளத்தில் வாங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் ஐசியூவிலேயே தொற்றுள்ள நோயாளியைத் தனியே வைக்கும் ஐசொலேஷன் பெட்டுக்குத் தனி ஸ்டெத் தொங்குமே, அங்கே நம்முடையதை எடுத்துக்கொண்டு போக முடியாது.

நர்சிங் டியூட்டர்:

நானும் வார்டு சிஸ்டர் சொல்வதையே சொல்கிறேன். பிபியில் நாம் கேட்கும் சத்தத்தை ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் 1905இல் விவரித்தார். அன்றைக்கு இப்போதிருக்கும் வசதி எதுவும் கிடையாது. நன்றாகப் பொருந்துகிற சாதாரண ஸ்டெத்திலேயே அது கேட்கும்.

வாங்கும்போது பெல் (கிண்ணம் போன்ற பக்கம்), டயஃப்ரம் இரண்டும் உள்ளதாகப் பாருங்கள். மூச்சு, குடல் சத்தமெல்லாம் டயஃப்ரத்தில் கேட்கும். மூன்றாம் இதய ஒலி மாதிரி தாழ்ந்தவை பெல்லில்தான், அதுவும் லேசாக வைத்தால்தான். ஒற்றைப் பக்கம் மட்டும் உள்ள மலிவானதை வாங்கினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பழகாது.

ஏபெக்ஸ் பல்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடது ஐந்தாவது விலா இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோடு, அங்கே வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். டிகாக்சின் என்கிற இதய மருந்தைக் கொடுக்கும் முன் பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது இங்கே ஆபத்து. அப்புறம், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போட்டுவிட்டுக் காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்பதைச் சில வார்டுகளில் பார்ப்பீர்கள். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்டெத்தாக இருந்தாலும் அதை நம்பி ஃபீடு கொடுக்காதீர்கள். டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். டியூப் வழியாக இழுத்த நீரின் பிஹெச் (அமில அளவு), எக்ஸ்ரே இவைதான் நம்பகமானவை.

உங்கள் காலேஜில் டீச்சிங் ஸ்டெத் இருக்கிறதா? ஒரே தலையில் இருவர் கேட்கலாம். டியூட்டரிடம் கேளுங்கள். அவருக்குக் கேட்பது அதே நொடியில் உங்களுக்கும் கேட்கிறதா என்று தெரிந்துவிடும்.

நர்சிங் மாணவி, முதலாண்டு:

அக்கா, மேடம், ரொம்ப நன்றி. இன்று லேபில் எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த ஸ்டெத்தின் முனை கெட்டியாக, என் காதுக்குப் பெரியதாக இருந்தது. சீனியர் அக்காவின் ஸ்டெத்தில் மென்மையான சின்ன முனை இருந்தது. அதைப் போட்டு, நாடியை விரலால் தேடி வைத்ததும் டப் டப் என்று தெளிவாகக் கேட்டது! அவருடையது நம் ஊர் கம்பெனி ஸ்டெத்தான். டீச்சிங் ஸ்டெத்திலும் எங்கள் மேடம் சொன்ன அளவுதான் எனக்கும் வந்தது.

கடையில் இரண்டு டியூப் உள்ள ஸ்டெத் ஒன்றும் காட்டினார்கள், விலை குறைவு. அது எப்படி? ஆன்லைனில் பாதி விலைக்கு லிட்மன் வருகிறதே, அதை நம்பலாமா?

ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. காது நன்றாகத்தான் இருக்கிறது உனக்கு.

இரட்டை டியூப் வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று உரசும், கனமும் அதிகம். பாதி விலை லிட்மனையும் தொடாதே, போலி நிறைய உலவுகிறது. ஒரிஜினலில் சீரியல் நம்பர் இருக்கும், ஆனால் நம்பரையும் போலியாகப் போடுகிறார்கள். அதனால் அங்கீகரித்த டீலரிடம் பில்லோடு வாங்குவதுதான் பாதுகாப்பு. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் லிட்மனிலேயே லைட்வெயிட் 2 இருக்கிறது. தலை தட்டையாக இருப்பதால் கஃப் பக்கத்தில் வைக்கச் சௌகரியம். முடியாவிட்டால் சீனியர் அக்கா வைத்திருப்பதையே வாங்கு. எதுவானாலும் கடையிலேயே காதில் மாட்டி, உன் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு வாங்கு. இரண்டு அளவு முனை கொடுக்கிறார்களா என்று பார்.

ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பஞ்சால் தலையைத் துடை, தண்ணீரில் முக்காதே. கழுத்துத் தோலில் நேராகப் படும்படி போட்டால் எண்ணெய்ப் பசையில் டியூப் விறைத்துப் போகும், காலருக்கு மேல் போடு. வண்டி டிக்கியில் வெயிலில் வைக்காதே. டியூப்பில் உன் பேர் எழுதிய டேக் ஒன்றை வாங்கிய அன்றைக்கே மாட்டிவிடு.