சனிக்கிழமைக்கு இனியாவின் பை

குழு: ஓட்டுப்பட்டறை வீட்டுச் சொந்தங்கள்

வியாழக்கிழமை

[இரவு 8:05] சுகன்யா: எல்லோரும் சாப்பிட்டாச்சா? ஒரு யோசனை கேட்க வேண்டும். சனிக்கிழமை மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் தண்ணீர் பார்க்குக்குப் போகிறோம். கவினுக்கு அரையாண்டு லீவிலேயே சொன்னது, தள்ளித் தள்ளிப் போய்விட்டது. இனியாவுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. மலைக்குக் கீழே அவளைத் தூக்கிக்கொண்டு போவது இதுதான் முதல் தடவை. பையில் என்னென்ன வைப்பது?

[இரவு 8:06] சுகன்யா: (படம்) இதுவரை எடுத்து வைத்தது.

[இரவு 8:09] அரவிந்த்: இரண்டு பை நிறைந்துவிட்டது. இன்னும் பால் சாமான் வைக்கவே இல்லை.

[இரவு 8:14] கீதா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் சுகி. ஆறு கவுன், ஐந்து பொம்மை, இரண்டு கம்பளி, ஒரு ஜோடி ஷூ. ஷூவை வெளியே எடு, நடக்காத பிள்ளைக்கு எதற்கு? பொம்மையில் அவள் கடித்துக்கொண்டே இருக்கிற அந்த ரப்பர் வளையம் ஒன்று போதும்.

[இரவு 8:17] கீதா: ஆதிராவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது நானும் இதே மாதிரிதான் கட்டினேன். பார்க்கையே நினைத்துக்கொண்டு கட்டினேன். கைக்குழந்தை எந்த ராட்டினத்தில் ஏறப் போகிறது? அதற்கு வேண்டியது பால், நிழல், தூக்கம். அப்புறம், நம்மைப் போல மேலேயிருந்து இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. இந்த ஜனவரிக் காலையில் குன்னூர் பத்து டிகிரிப் பக்கம் நிற்கும். கீழே மத்தியானம் முப்பதுக்கு வந்துவிடும். சாயங்காலம் களைத்துப் போன பிள்ளையோடு மறுபடி பனிக்குள் ஏறுகிறோம். ஒரே நாளில் மூன்று காலம் அவள் உடம்பில் போகிறது. பையை அதற்குத்தான் கட்ட வேண்டும்.

[இரவு 8:19] சுகன்யா: ஸ்வெட்டர், மங்கி குல்லா, கம்பளி சாக்ஸ் எல்லாம் போட்டு இறக்கலாம் என்று இருந்தேன் அக்கா.

[இரவு 8:24] கீதா: போடு. அடியில் மெல்லிய பருத்திச் சட்டை இருக்கட்டும், மேலே ஒவ்வொன்றாகக் கழற்ற வர வேண்டும். ஆதிராவுக்கு நான் தலைவழியாகப் போடுகிற கனத்த ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன். மரப்பாலம் தாண்டும்போது தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. கல்லாறு வந்து பார்க்கிறேன், கழுத்து மடிப்பெல்லாம் சொதசொதவென்று நனைந்து, முகம் செம்பருத்தியாகி, தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடக்கிறது. முன்னால் பொத்தான் வைத்ததாக இருந்தால் தூக்கத்திலேயே கழற்றியிருக்கலாம். கை கால் ஜில்லென்று இருக்கிறதே என்று பார்க்காதே. பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பார். வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்று.

[இரவு 8:27] பெரியம்மா: பொத்தான் ஸ்வெட்டர் மஞ்சள் கலரில் என்னிடம் இருக்கிறது கண்ணு. ஆதிராவுக்காகப் பின்னியது, இரண்டு தடவைதான் போட்டாள். செல்வம் நாளைக்குக் கோத்தகிரி வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

[இரவு 8:41] செல்வம் மாமா: இப்போதுதான் ஸ்டாண்டில் வண்டியை விட்டேன். நாளை மத்தியானம் கோத்தகிரி சவாரி இருக்கிறது, வாங்கிக்கொள்கிறேன். அம்மணி, காது விஷயத்தை யாரும் சொல்லவில்லையே? குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் சொச்சம். 14 கொண்டை ஊசி வளைவைச் சுற்றி ஒரு மணி நேரத்தில் 1,500 மீட்டர் இறங்கிவிடுகிறோம். நமக்குக் காது அடைத்தால் எச்சில் விழுங்குவோம், விட்டுவிடும். பிள்ளைக்கு அது தெரியாது, அழத்தான் தெரியும். அதனால் இறங்கும்போது அது எதையாவது சப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

[இரவு 8:43] சுகன்யா: அப்படியென்றால் வழி முழுக்கப் பால் கொடுத்துக்கொண்டே வரட்டுமா மாமா?

[இரவு 8:46] செல்வம் மாமா: ஓடுகிற வண்டியில் வேண்டாம். வளைவில் எதிரே பஸ் வந்தால் நான் பிரேக் போட வேண்டும், பிள்ளை உன் கையில் இருக்கக் கூடாது. மரப்பாலத்தில் ஒரு தடவை, பர்லியாரில் ஒரு தடவை நிறுத்துகிறேன். அவசரமே இல்லை, நிதானமாகக் கொடு. வண்டி ஓடும்போது அந்த ரப்பர் வளையத்தைக் கொடு. பர்லியாரில் கண்ணாடியை மட்டும் இறக்காதே, குரங்கு பையோடு தூக்கிக்கொண்டு போய்விடும்.

[இரவு 8:48] கீதா: எங்கள் வீட்டுப் பரணில் ஆதிராவின் கார் சீட் இருக்கிறது மாமா, பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டுகிறது. ஸ்வெட்டரோடு அதையும் எடுத்துப் போங்கள். வாரை இழுத்துக் கட்டும்போது கனத்த ஸ்வெட்டர் உள்ளே இருக்கக் கூடாது, வார் தளர்ந்து நிற்கும். வாரைக் கட்டிவிட்டு மேலே கம்பளியைப் போர்த்து.

[இரவு 8:50] சுகன்யா: சரி அக்கா. சாப்பாட்டுக்கு ராகிக் கூழ் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொள்கிறேன். மத்தியானம் வரைக்கும் சூடாக இருக்கும்.

[இரவு 8:57] கீதா: அது மட்டும் வேண்டாம். நான் செய்து பட்டது அதுதான். மேலே குளிரில் காலையில் காய்ச்சின கூழ் மத்தியானம் வரை அப்படியே இருக்கிறதே என்ற நினைப்பில், பால் கலந்து ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனேன். பன்னிரண்டு மணிக்கு மூடியைத் திருகினேன், புஸ் என்று ஒரு சத்தம். குப்பென்று புளித்த வாடை, மேலே சின்னச் சின்ன நுரை. பிள்ளை பசியில் கத்துகிறாள், என் கையில் வேறு எதுவும் இல்லை. வெதுவெதுப்பாகவே வைத்திருந்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். அதனால் ஃபிளாஸ்கில் கொதித்த தண்ணீர் மட்டும். அவலை வறுத்து நைசாகப் பொடித்து டப்பாவில் வை. வேண்டும்போது வெந்நீர் ஊற்றி மூடினால் ஐந்து நிமிஷத்தில் கூழாகிவிடும், ஆற வைத்துக் கொடு. இரண்டு மலைவாழைப்பழம். இரண்டும் அவள் வீட்டில் சாப்பிட்டுப் பழகியதுதானே? அன்றைக்குப் புதிதாக எதையும் கொடுத்துப் பார்க்காதே.

[இரவு 8:59] கீதா: வெந்நீர் ஃபிளாஸ்க் அவள் கைக்கு எட்டாத தனிப் பையில்.

[இரவு 9:02] பெரியம்மா: கூழில் கொஞ்சம் மலைத்தேன் விட்டுக் கொடு, சளி பிடிக்காது.

[இரவு 9:05] கீதா: அம்மா, ஒரு வயது முடிகிற வரைக்கும் தேன் கூடவே கூடாது. தேனில் ஒரு கிருமியின் விதை இருக்கலாம், பெரியவர்களை ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து விஷமாகி, உடம்பையே தொய்ய வைத்துவிடும். நல்ல தேன், கெட்ட தேன் என்ற கணக்கெல்லாம் இதில் இல்லை.

[இரவு 9:08] பெரியம்மா: அப்படியா. உங்களுக்கெல்லாம் நாக்கில் தொட்டு வைத்தேனே. சரி, அது வேண்டாம். வேறு ஒன்று கொண்டு போ சுகி. என் பழைய சின்னாளப்பட்டி சுங்குடிப் புடவை, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அதையும் தருகிறேன்.

[இரவு 9:13] கீதா: அம்மா சொல்வதைக் கேள். நான் போன அன்று என்னைக் காப்பாற்றியது அந்த மாதிரிப் புடவைதான். புல்லில் நான்காக மடித்து விரித்தேன், படுக்கையாயிற்று. தோளில் போட்டுக்கொண்டு பால் கொடுத்தேன். நனைந்து வந்த பிள்ளையைத் துடைத்தேன், பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டது. பூத்துண்டு இரண்டு கொண்டு போயிருந்தேன், கனம்தான் மிச்சம். அதைவிடப் பெரிய விஷயம், அது வீட்டுத் தூளியின் வாசனை. அவ்வளவு பாட்டுச் சத்தத்திலும் முகத்தை அதில் புதைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். தள்ளுவண்டிக்கு மேலே மட்டும் போட்டு மூடிவிடாதே. வெயில் படக் கூடாது என்று மூடுவோம், உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். நிழலுக்குத் தொப்பி இருக்கிறது, மரம் இருக்கிறது.

[இரவு 9:16] அரவிந்த்: அக்கா, தண்ணீரில் இறக்கலாமா? தனியாக நீச்சல் டயப்பர் விற்கிறார்களே.

[இரவு 9:21] கீதா: சாதா டயப்பர் தண்ணீரில் ஊறித் தலையணை மாதிரி தொங்கும். நீச்சல் டயப்பர் மலத்தைத்தான் பிடித்து நிறுத்தும், சிறுநீர் வெளியே போய்விடும். அதனால் வண்டியில் அதைப் போட்டு உட்கார வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் ஏழு மாதத்தில் அந்தக் குளோரின் தண்ணீர் வேண்டாம். வாயைத் திறந்துகொண்டே இருப்பாள், குடித்துவிடுவாள். கால் மட்டும் நனைத்து, படம் எடுத்துக்கொண்டு, துடைத்துவிடுங்கள். அலைக்குளம் பக்கமே வேண்டாம். நீங்களும் சுகியும் ஆள் மாற்றிப் போங்கள். ஒருவர் கவினோடு, ஒருவர் நிழலில் இனியாவோடு. மத்தியானத்துக்கு மேல் சுகி விளையாடட்டும், அவளுக்கும் ஆசை இருக்கும்.

[இரவு 9:23] சுகன்யா: இருக்கிறது அக்கா.

[இரவு 9:24] சுகன்யா: அந்த நேரத்துக்குப் பாலைக் கறந்து வைத்துவிட்டுப் போகலாமா?

[இரவு 9:28] கீதா: வைக்கலாம். கறந்த தாய்ப்பால் 25 டிகிரி வரைக்கும்தான் வெளியே 4 மணி நேரம் தாங்கும். கீழே அதை நம்பாதே. உறைய வைத்த ஐஸ் பேக்கோடு சின்ன கூலர் பையில் வை. அவள் வாய் வைத்த மிச்சத்தை மறுபடி எடுத்து வைக்காதே, கொட்டிவிடு. இன்னொன்று. கீழே இறுக்கி மூடிய பாட்டிலை மேலே வந்து திறந்தால் பீய்ச்சி அடிக்கும். சிப்ஸ் பாக்கெட் மலை ஏறினால் உப்பிக்கொள்கிறதே, அதே கதைதான். க்ரீம் டியூபும் அப்படித்தான் வழியும். ஒரு துணியில் சுற்றி நிமிர்த்தி வை.

[இரவு 9:30] பிரியா: நானும் கோயம்புத்தூரிலிருந்து நேராகப் பார்க்குக்கே வந்துவிடுகிறேன் அக்கா. ராத்திரி உங்களோடு குன்னூர் வருகிறேன், என் காரில்.

[இரவு 9:33] செல்வம் மாமா: உன் வண்டி வெளி நம்பர் பிரியா, நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்து வை. 2024 மே மாதத்திலிருந்து இருக்கிற ஏற்பாடு. என் வண்டி டி.என். 43, நீலகிரி நம்பர், எனக்கு வேண்டாம். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டு வா, பிளாஸ்டிக் பாட்டிலோடு மலை ஏறாதே. நான்கரைக்கெல்லாம் எல்லோரும் பார்க்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இருட்டினால் கல்லாறு, பர்லியார் பக்கம் யானை ரோட்டுக்கு வரும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு காட்டில் காத்துக் கிடக்க முடியாது.

வெள்ளிக்கிழமை

[மாலை 6:10] சுகன்யா: மாமா எல்லாம் கொண்டு வந்து கொடுத்துவிட்டார். புடவை வாசனை அப்படியே பெரியம்மா வீடு. டயப்பர் எத்தனை வைப்பது அக்கா?

[மாலை 6:18] கீதா: காலை ஏழிலிருந்து ராத்திரி ஏழு வரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் ஆறு, கையிருப்பு இரண்டு, எட்டு வை. மாற்றும்போது விரிக்க ரப்பர் ஷீட். அழுக்கானதைச் சுற்றப் பழைய பேப்பர், போட்டு வைக்க ஜிப் வைத்த ரெக்சின் பை. மலை ரோட்டில் எங்கேயும் வீசிவிடாதே, குரங்கும் மானும் இழுக்கும். இனியாவுக்கு மூன்று செட் துணி. உனக்கும் ஒரு செட். அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஆதிரா என் மேல் வாந்தி எடுத்த பிறகு அந்தச் சுடிதாரோடேயே குன்னூர் வரை வந்தேன்.

[மாலை 6:22] கீதா: மேலே கொசு அதிகம் இல்லாததால் நமக்கு அந்த நினைப்பே வராது. கீழே செடி நிழலில் மத்தியானமே கடிக்கும். குடை மாதிரி விரிகிற சின்ன கொசுவலை கொண்டு போ. முழுக்கை மெல்லிய சட்டை வெயிலுக்கும் ஆகும், கொசுவுக்கும் ஆகும்.

[மாலை 6:25] அரவிந்த்: மருந்து?

[மாலை 6:31] கீதா: உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, அந்தச் சீட்டின் போட்டோ போனில். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் இல்லை, அதில் எழுதின அளவையே பாருங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கும். பெரிய பாக்கெட் என்றால் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துவிடக் கூடாது, பிள்ளைக்கு உப்பு ஏறிவிடும். அந்த அளவுக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் சுற்றிப் பார்க்காமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

[மாலை 6:34] கீதா: பல இடங்களில் வெளிச் சாப்பாட்டைத் தடுப்பார்கள். குழந்தைச் சாப்பாடு மட்டும் தனிப் பையில், மேலாக இருக்கட்டும். காலையில் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடு.

[மாலை 6:36] பெரியம்மா: கறுப்புப் பொட்டு மறக்காதே.

சனிக்கிழமை

[காலை 8:20] சுகன்யா: பர்லியார். பால் குடிக்கிறாள். இதுவரை ஒரு சத்தம் இல்லை. பிடரி லேசாக வேர்த்தது, மஞ்சள் ஸ்வெட்டரைத் தூக்கத்திலேயே கழற்றிவிட்டேன்.

[மதியம் 1:45] அரவிந்த்: (படம்) வேப்பமர நிழலில் புடவையில் படுத்திருக்கிறாள். ஒரு மணி நேரமாகிறது. சுகன்யாவும் பிரியாவும் கவினோடு தண்ணீரில் இருக்கிறார்கள்.

[மதியம் 1:47] கீதா: முகத்தில் வெயில் புள்ளி விழுகிறது பாருங்கள், புடவையை ஒரு முழம் உள்ளே இழுத்துவிடுங்கள்.

[மதியம் 1:49] அரவிந்த்: இழுத்துவிட்டேன் அக்கா.

[மாலை 5:40] சுகன்யா: மரப்பாலம் தாண்டிவிட்டோம். குளிர் அடிக்கிறது. ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் மறுபடி போட்டாயிற்று. கவின் தூங்கிவிட்டான். இவள் முழித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு செட் துணி மிச்சம். எனக்கு எடுத்து வைத்தது மிச்சமில்லை.

[மாலை 5:43] பெரியம்மா: நான் மத்தியானமே பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். வெந்நீர் போட்டு வைத்திருக்கிறேன். வாசலிலேயே நில்லுங்கள், மிளகாயும் உப்பும் எடுத்து வைத்திருக்கிறேன், சுற்றிப் போட்டுவிட்டு உள்ளே வரலாம்.