புதுப்பிப்பு: சார்ஜில் மாட்டியிருந்தும் கார் பேட்டரி குறைந்த கதை

போன ஜனவரியில் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து புலம்பியிருந்தேன், நினைவிருக்கலாம். ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்ட பிளக்-இன் ஹைபிரிட் (பிளக்கில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் எஞ்சினும் சேர்ந்த கார்), காலையில் 20 நிமிஷம் உள்ளே சூடேற்றினால் கிளம்பும்முன்பே பேட்டரி 92 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. வண்டியில் கோளாறு என்றே நம்பினேன். இல்லை. என் கணக்குதான் தப்பு.

வீட்டின் சாதாரண பிளக் 120 வோல்ட், 12 ஆம்பியர்: சுமார் 1.4 கிலோவாட். உறைந்த கேபினைச் சூடாக்க ஹீட்டர் ஆரம்பத்தில் 5 கிலோவாட் வரை கேட்கிறது. மிச்சம் எங்கிருந்து வரும்? பேட்டரியிலிருந்துதான். இப்போது 240 வோல்ட் இணைப்பு போட்டாச்சு, 3.3 கிலோவாட் வருகிறது. கிளம்பும்போது 98, 99 நிற்கிறது. எலக்ட்ரீஷியன் கூலியை மட்டும் கேட்காதீர்கள்.

ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துவரும் கருவி) பற்றிக் கேட்டவர்களுக்கு: என் வண்டியில் அது கிடையாது, மின்சாரம் பாய்ந்தால் சூடாகும் மின்தடைச் சுருள்தான். ஹீட் பம்ப் இருந்தால் லேசான குளிரில் செலவு பாதிக்கும் கீழே போகும், ஆனால் கடுங்குளிரில் அந்த லாபம் தேய்ந்துவிடும்.

பழக்கமும் மாறிவிட்டது. ஊருக்குள் சீட் ஹீட்டர், ஸ்டீயரிங் ஹீட்டர், கேபின் 18 டிகிரி. நெடுஞ்சாலையில் தயங்காமல் எஞ்சினை ஓடவிடுகிறேன். அதன் வீண்வெப்பமே கேபினுக்குப் போதும், பேட்டரி ஊருக்குள் ஓட்ட மிஞ்சுகிறது. மனைவிக்கு மட்டும் 22 டிகிரி வேண்டும். அதில் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.