சீன விளக்குப் படம் வாங்கி மாட்டிய கதை: உங்களுக்கும் உண்டா?

முத்தியால்பேட்டை வாசி:

புதுவீட்டுக் கூடத்தில் சோபாவுக்கு மேலே சுவர் வெறிச்சென்று இருந்தது. சீனாக்காரர்கள் தொங்கவிடுகிற தாள் விளக்குப் படம் ஒன்று மாட்டலாம் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆன்லைனில் தேடினால் எல்லாமே சிவப்பு. "மிளகாய் காயப்போட்ட மாதிரி இருக்கு, வேணாம்" என்றார் வீட்டுக்காரம்மா. தேடித்தேடி வேறொன்று கிடைத்தது. மழை பெய்து ஓய்ந்த இரவுத் தெரு, ஒரு பழைய வீட்டு வாசலில் இரண்டு வெள்ளை விளக்கு, ஒவ்வொன்றிலும் கருநீலத்தில் பெரிய எழுத்து. சாம்பல் நிற சோபாவுக்கு அப்படிப் பொருந்தியது. கேன்வாஸ் பிரிண்ட், மூன்றடிக்கு இரண்டடி, 2,800 ரூபாய்.

கிரகப்பிரவேசத்தன்று காலை ஆயா, அதாவது என் பாட்டி, வந்தார். வியட்நாமில் சைகோனில் பிறந்து வளர்ந்து 1975-இல் ஊர் திரும்பியவர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அங்கே வேலைக்குப் போன புதுச்சேரிக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டார், நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்டா, இங்க யாரு செத்தது?"

கூடமே அமைதியாகிவிட்டது. ஐயர்கூட ஒரு நொடி மந்திரத்தை நிறுத்தினார்.

சைகோனை ஒட்டிய சோலோன்தான் சீனர்கள் நிறைந்த பகுதி. அங்கே எழவு விழுந்த வீட்டு வாசலில்தான் வெள்ளை விளக்கு தொங்குமாம். செத்தவர் பேரும் வயசும் அதில் எழுதியிருக்குமாம். அந்தப் பக்கம் போனால் குழந்தைகளை வேகமாக இழுத்துக்கொண்டு நடப்பார்களாம். என் பையன் உடனே போன் கேமராவை எழுத்தின்மேல் காட்டினான். 'இறந்தவருக்குப் படையல்' என்கிற மாதிரி ஏதோ மொழிபெயர்ப்பு வந்தது. அவ்வளவுதான், மச்சான் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றிவிட்டார்.

விற்ற இடத்தில் கேட்டேன். பொருளில் குறை இல்லை, திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்புறம் சிவப்பு விளக்குப் படமே வாங்கினேன். அதில் ஒரே எழுத்தை இரண்டாகச் சேர்த்து எழுதியிருந்தது. இந்த முறை வாங்கும் முன்பே போனில் காட்டிப் பார்த்தேன். இரட்டை மகிழ்ச்சியாம், கல்யாண வீட்டில் ஒட்டுவது. ஆயாவும் தலையாட்டிவிட்டார்.

மஞ்சக்குப்பம்:

அண்ணே, உங்களுக்கு விளக்காவது வந்தது. எனக்கு வந்தது செடி!

'சைனீஸ் லேன்டர்ன் பெயின்டிங்' என்று தட்டச்சு செய்து, சின்னப் படத்தில் ஆரஞ்சு நிறமாக ஏதோ தொங்குவதைப் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டேன். கடலூருக்குப் பார்சல் வந்து பிரித்தால் ஒரு கிளை, அதில் தாள் பை மாதிரி ஏழெட்டுக் காய். எங்கம்மா எட்டிப் பார்த்து, "சொடக்குத் தக்காளிக்கா ஆயிரத்து நூறு ரூபா குடுத்த?" என்றார். வேலியோரம் முளைக்குமே, சின்ன வயதில் நெற்றியில் அடித்துச் சொடக்கு விடுவோமே, அதேதான். சரியாகச் சொன்னால் அதன் பங்காளி. ஒரே குடும்பம். அந்தச் செடிக்கு இங்கிலீஷில் பெயரே சைனீஸ் லேன்டர்ன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் முன்னோரின் ஆவி வீடு தேடி வரும் ஓபோன் நாட்களில், வழிகாட்டும் விளக்காக இந்தக் காயைத்தான் வைப்பார்களாம். ஆக, செத்தவர் சமாச்சாரம் என்னையும் விடவில்லை. ஆனால் படம் அழகு. ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறேன், அம்மாவும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

குயவர்பாளையம் ஃபிரேம்காரன்:

படம் எது வேண்டுமானாலும் வாங்குங்கள், மாட்டும் இடத்தைப் பாருங்கள் சாமி. நம்ம ஊர் உப்புக்காற்று. விலை குறைந்த பிரிண்டில் மேற்கு வெயில் பட்டால் முதலில் போவது சிவப்பும் மஞ்சளும்தான். விளக்குப் படத்தில் மிச்சம் என்ன இருக்கும்? வெளிறிய ரோஸ் உருண்டையும் நீல ராத்திரியும். போன மாதம் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து, "வேற கண்ணாடி போட்டா சரியாகுமா" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல!

தாளில் அச்சிட்ட படம் என்றால் கண்ணாடி தாளைத் தொடவே கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றிச் சட்டம் மாதிரி வருவது) வைக்கச் சொல்லுங்கள், அதுவும் அமிலம் இல்லாத அட்டை. இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தாள் கண்ணாடியோடு ஒட்டி, உரித்தால் வண்ணமும் சேர்ந்து வரும். ஃபிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும். பூஞ்சை பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வருகிறது, யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

லாஸ்பேட்டை அக்கா:

நான் பிரிண்ட் வாங்கவில்லை, வரையச் சொன்னேன். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்த ஒரு தம்பி. மாதிரிக்கு அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் 1885-86இல் வரைந்த படத்தைக் காட்டினேன், இரண்டு சிறுமிகள் தோட்டத்தில் லில்லிப்பூ நடுவே தாள் விளக்கு ஏற்றுவார்களே, அது. லண்டன் டேட் ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வெளிச்சத்துக்காக அவர் தினமும் அந்தியில் சில நிமிடம் மட்டுமே வரைவாராம், அதனால் அடுத்த வருஷம் வரை இழுத்ததாம். "எனக்கும் அடுத்த வருஷம் வரைக்கும் டைம் தருவீங்களா அக்கா?" என்றான் தம்பி.

மூன்று வாரத்தில் முடித்தான், நீர்வண்ணத்தில். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். விளக்கின் வயிற்றில் தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டான். அதைச் சுற்றி ஈரத்தில் கொஞ்சம் மஞ்சள், விளிம்பில் சிவப்பு, வெளியே கடைசியாக இண்டிகோ. இண்டிகோவை இழுத்ததும் நடுவில் யாரோ ஸ்விட்சைத் தட்டினாற்போல் இருந்தது. எழுத்து எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இப்போது முத்தியால்பேட்டைக்காரர் கதையைப் படித்ததும் நிம்மதியாக இருக்கிறது. அது சரி, அந்த வெள்ளை விளக்குப் படம் இப்போது எங்கே?

முத்தியால்பேட்டை வாசி:

பரணில், பழைய போர்வை சுற்றி. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன், ஆயாதான் விடவில்லை. "காசு குடுத்து வாங்கினது. நான் போற அன்னைக்கு எடுத்து வாசல்ல மாட்டு, அதுவரைக்கும் அங்கயே கெடக்கட்டும்" என்கிறார்.