பாத்ரூம் டைலை உடைச்சபோது உங்க வீட்ல என்ன கிளம்புச்சு?

முனிச்சாலை

"பழைய டைலை உடைச்சு, புதுசு ஒட்டி, 10 நாள்ல முடிச்சிரலாம்ணே"ன்னார் கொத்தனார். நானும் நம்பினேன். ஆனது ரெண்டு மாசம். அதுவரைக்கும் குடும்பமே துண்டும் சோப்புமா சிம்மக்கல்ல இருக்க அக்கா வீட்டுக்குக் குளிக்கப் போச்சு. மச்சான் ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா மூணாவது வாரத்துல இருந்து மோட்டார் போடும்போதெல்லாம் எங்களை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார்.

வீடு தாத்தா கட்டினது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அதுக்கு மேல அப்பா காலத்துல சிமெண்ட் பூசி டைல் ஒட்டியிருந்தாங்க. கொத்தனார் முதல் டைல்ல உளியை வச்சு ஒரே தட்டு. டைல் தனியா வரலை. பூச்சும் சேந்து பலகை மாதிரி கழண்டு விழுந்துச்சு. உள்ள கைவச்சா ஈர மண்ணு, விரலோட வருது. சுவருக்குள்ள ஓடின ஜி.ஐ. இரும்பு பைப் துருப்பிடிச்சு, ஒரு முட்டுல சொட்டுச் சொட்டா கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. எத்தனை வருஷமோ. முந்தின நாள் வரைக்கும் அதே டைல் பளபளன்னுதான் இருந்துச்சு.

அடுத்து தூக்குக்குண்டு விட்டுப் பாத்தார். மேல இருந்து கீழ வர்றதுக்குள்ள சுவர் ஒன்றேகால் அங்குலம் உள்ள போயிருக்கு. "கலவையை அப்பி அப்பி ஒட்டிரலாமே"ன்னு கேட்டேன். "ஒட்டலாம்ணே, நிக்கவும் நிக்கும். என்னைக்கு விழும்னுதான் சொல்ல முடியாது"ன்னார். அதுக்கு மேல நான் பேசலை. பைப்பை சி.பி.வி.சி. பிளாஸ்டிக்குக்கு மாத்தி, கம்பி வலை அடிச்சு, ஒரே தடவையா திக்கா அப்பாம ரெண்டு தடவையா பூசி, ஒரு வாரம் தண்ணி விட்டோம். போட்டிருந்த பட்ஜெட்ல பாதி டைலைக் கண்ணால பாக்குறதுக்கு முன்னாடியே போயிருச்சு.

இனிமேல் சொல்றது என் தப்பு. ரூம் 5 அடிக்கு 7 அடி. 7 அடி உயரத்துக்கு டைல். கதவைக் கழிச்சா 150 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல வரும். 12க்கு 18 டைல், பெட்டிக்கு 6, அதாவது 9 சதுர அடி. கடைக்காரர் சேதாரம் சேத்து 19 பெட்டி வாங்கச் சொன்னார். விக்கிறவர் அப்படித்தான் சொல்லுவார்னு நான் கணக்கா 17 எடுத்தேன். மூலை மட்டம் இல்லாத பழைய ரூம்ல ஒவ்வொரு ஓரத்துக்கும் வெட்டணும், வெட்டும்போது உடையும்ங்கிறது அப்ப மண்டையில ஏறலை. மூணு சுவர் முடியும்போது மிச்சம் நாலே நாலு டைல். கதவுச் சுவர் அப்படியே நிக்குது.

உடனே போய் வாங்கியிருந்தாலாவது பரவாயில்லை. சித்திரைத் திருவிழா வந்துருச்சு. "அழகர் ஆத்துல இறங்கட்டும்ணே, வந்துர்றேன்"ன்னு கொத்தனார் ஊருக்குப் போயிட்டார். அழகர் மலைக்கே திரும்பிட்டார், இவர் வரலை. ஆள் வரட்டும்னு நானும் கடைப்பக்கம் போகலை. போனபோது அதே டிசைன், அதே நம்பர், ஆனா பெட்டியில பேட்ச், அதாவது தயாரிச்ச தடவை, வேற. கடை டியூப்லைட்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சது. வீட்ல ஜன்னல் ஓரம் வச்சுப் பாத்தா பழசு பால் வெள்ளை, புதுசு லேசா மோர் கலர்.

எனக்கு அழுகையே வந்துருச்சு. கொத்தனார் சாவகாசமா பீடியை அணைச்சுட்டு, "ஒரே சுவர்ல ரெண்டையும் கலந்தாத்தான்ணே கண்ணுக்குத் தெரியும். கதவுச் சுவர் முழுக்கப் புதுசையே ஒட்டிருவோம். மூலை திரும்புனா வெளிச்சமே வேற"ன்னார். 3 பெட்டி வாங்கினேன். ஒட்டி முடிச்சதுல இருந்து வந்த சொந்தக்காரங்கள்ல ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலை. நான் மட்டும் தினம் குளிக்கும்போது பாத்துக்கிட்டே இருக்கேன்.

உங்க கதையைச் சொல்லுங்க.

திருநகர்

அண்ணா, நீங்க உடைச்சுக் கஷ்டப்பட்டீங்க. நாங்க உடைக்காம இருந்து கஷ்டப்பட்டோம்.

எங்களது மாடி பாத்ரூம். தூசி வேணாம், பிள்ளைக்கு வீசிங் இருக்குன்னு தரையில பழைய டைல் மேலயே புது டைல் ஒட்டச் சொன்னார் வீட்டுக்காரர். அதுவும் 2க்கு 2 பெரிய டைல். ஜாயின்ட் கம்மி, அழுக்குச் சேராதாம். ஒட்டினதும் தரை முக்கால் அங்குலம் ஏறிருச்சு. கதவு பாதியிலயே நின்னுருச்சு, அடியில அறுத்தாங்க. தண்ணி வெளிய போற ஜாலி மட்டும் பழைய மட்டத்துலயே குழிக்குள்ள கெடக்கு. வாசல்ல இருந்த ஒரு அங்குலத் தடுப்பு கால் அங்குலமா சுருங்கிருச்சு.

காஞ்ச மறுநாள் ஒரு மக்கு தண்ணி ஊத்தினேன். அது ஜாலியைத் திரும்பிக்கூடப் பாக்கலை, நேரா கதவைப் பாத்து வந்துச்சு. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினா, "காஞ்சா சரியாயிரும்மா"ங்கிறார். தண்ணி காஞ்சா எல்லாம் சரியாத்தான் போகும்னு நானும் சொன்னேன்.

தண்ணி ஓடச் சரிவா வாட்டம் எடுக்காம மட்டமா ஒட்டிட்டுப் போயிட்டார். கேட்டா, "பெரிய டைலை மூலை ஜாலிக்கு வாட்டம் வர்ற மாதிரி ஒட்டணும்னா குறுக்க வெட்டணும், நல்லாருக்காதும்மா"ன்னார். அதை ஒட்டுறதுக்கு முன்னாடியில்ல சொல்லியிருக்கணும்? கடைசியில புதுசு, பழசு ரெண்டு அடுக்கையும் உடைச்சோம். பிள்ளையை ஆச்சி வீட்டுக்கு அனுப்பினோம். முதல்லயே அனுப்பியிருக்கலாம்.

ரெண்டாவதா வந்த மேஸ்திரி வேற மாதிரி. கதவடியில இருந்து ஜாலிக்கு நூல் கட்டி, அடிக்குக் கால் இஞ்ச்ல பாதின்னு இறக்கினார். 7 அடிக்கு முக்கால் அங்குலத்துக்கு மேலயே வந்துச்சு. டைல் ஒட்டுறதுக்கு முன்னாடி வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சு, காஞ்ச பிறகு ஜாலியை மணல் பையால அடைச்சு, ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டி நிறுத்தினார். கீழ எங்க பூஜை ரூம். அன்னைக்குச் சாமியைப் பாத்ததை விட மேல தளத்தைப் பாத்ததுதான் அதிகம். ஒரு பொட்டு ஈரம் இறங்கலை. அப்புறம்தான் 1க்கு 1 சொரசொரப்பு டைல் ஒட்டினார்.

ஆனையூர்

எங்க வீட்ல விழுந்தது ஒரே ஒரு டைல். ராத்திரி ரெண்டு மணிக்குப் படார்னு சத்தம். திருடன்னு நினைச்சுக் கம்போட போனேன். வாஷ்பேசினுக்கு மேல ஒட்டியிருந்தது பேசின்லயே விழுந்து, ரெண்டும் போச்சு. ஒட்டி ஒரு வருஷம்தான் ஆகுது.

மறுநாள் விழுந்த டைலைத் திருப்பிப் பாத்தேன். முதுகு கழுவி வச்ச தட்டு மாதிரி சுத்தமா இருக்கு. சிமெண்ட் பூரா சுவர்லயே நிக்குது. அதுவும் நடுவுல ஒரு அப்பு மட்டும். நாலு மூலையும் காலி. மத்த டைலை எல்லாம் ஒரு ரூபாய்க் காசை வச்சுத் தட்டிக்கிட்டே போனேன். நல்லா பிடிச்ச இடம் கட்டியா 'டக்'னு கேக்குது. காலியா இருக்க இடம் பானையைத் தட்டின மாதிரி 'டொங்'குது. சாக்பீஸ்ல பெருக்கல் குறி போட்டேன், மொத்தம் 23.

விஷயம் என்னன்னா, நான் வாங்கினது விட்ரிஃபைடு. சாதா சுவர் செராமிக் டைல் தண்ணி குடிக்கும். தன் எடையில 10 சதவீதத்துக்கு மேலயே குடிக்கும், அதனாலதான் தொட்டியில ஊறப்போட்டு ஒட்டுறது. விட்ரிஃபைடு அரை சதவீதம்கூடக் குடிக்காது. அதோட முதுகுல வெறும் சிமெண்ட் பால் பிடிக்காது, அதுக்குன்னு இருக்க பசைதான் வேணும். நம்ம கொத்தனார் பழக்க தோஷத்துல இதையும் ராத்திரி பூரா ஊறப்போட்டு வச்சிருந்தார். நானும் பக்கத்துல நின்னு, என்ன பொறுப்பான மனுஷன்னு டீ வாங்கிக் குடுத்தேன்.

23ஐயும் கழட்டி, பசையைப் பல்லுக் கரண்டியால இழுத்து, டைல் முதுகுலயும் தடவி ஒட்டினோம். இப்பல்லாம் யார் புது வீட்டுக்குப் போனாலும் பாத்ரூம்ல காசால தட்டிப் பாக்குறேன். வீட்டம்மா திட்டுறா.

உசிலம்பட்டி

சின்ன விஷயம்தான். எங்க போர் தண்ணி உப்பு. ஆறு மாசத்துல டைல் பூரா வெள்ளை வெள்ளையா படிஞ்சிருச்சு. ஆசிட் ஊத்தித் தேய்ச்சேன். டைல் பளிச்சுன்னு ஆச்சு, இடுக்குல இருந்த ஒயிட் சிமெண்ட் நுரைச்சுக்கிட்டு ஓடிப் போச்சு. இப்ப அந்த இடுக்கு வழியாத்தான் எறும்பு வருது. ஒயிட் சிமெண்டுக்குப் பதிலா இடுக்குல எபாக்சிங்கிற பிசின் கலவை போடலாம்னு சொல்றாங்க, விலைதான் இடிக்குது. போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

முனிச்சாலை

உசிலம்பட்டிக்காரரே, எங்க வீட்ல கீழ 3 அடி வரைக்கும் மட்டும் எபாக்சி போட்டோம். தண்ணி நேரா அடிக்கிற இடம் அதுதானே. செலவு பாதிக்கு மேல குறைஞ்சது. ஆனா போட்ட உடனே ஸ்பாஞ்சால துடைச்சிரணும். டைல் மேல காஞ்சா லேசுல போகாது. பழைய ஒயிட் சிமெண்டைச் சுரண்டி எடுத்துட்டுப் போடச் சொல்லுங்க.

ஆனையூர் அண்ணே, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நானும் ஒரு காசை எடுத்துட்டுப் போனேன். கதவுச் சுவர்ல ரெண்டு 'டொங்'. இன்னும் கொத்தனாருக்குப் போன் பண்ணலை.

அந்த மிச்சம் நாலு டைலைப் பத்திச் சொல்ல விட்டுட்டேன். பரண்ல பேப்பர் சுத்தி வச்சிருந்தேன். போன மாசம் கெய்சர் மாட்ட வந்த பையன் ட்ரில்லைச் சுத்தியல் மோடுல வச்சு ஒரு அழுத்து அழுத்தினான், டைல் குறுக்க விரிஞ்சிருச்சு. பால் வெள்ளைச் சுவர்தான். இப்ப பரண்ல மூணு இருக்கு.