தொழுமரத்தில் துரை

தேன்மொழி:
1823இல் டெமராராவில், அதாவது இன்றைய கயானாவில், கரும்புத் தோட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்ததை நாவலாக எழுதுகிறேன். ஆகஸ்ட் 18 இரவு. துரையைப் பிடித்து, நேற்றுவரை தங்களைப் பூட்டிய அதே தொழுமரத்தில், காலைப் பூட்டும் துளைக்கட்டையில், அவர் காலை மாட்டுகிறார்கள். துப்பாக்கியைப் பறிக்கிறார்கள், உயிரைத் தொடவில்லை. படித்துப் பார்த்த நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

கோபாலன்:
நானும் நம்பவில்லை. முதுகெல்லாம் சவுக்குத் தழும்பு, கையில் கரும்பு வெட்டும் கத்தி. அப்படிப்பட்டவன் துரையைப் பூட்டிவிட்டுப் பேசாமல் போவானா? 1791இல் ஹெய்ட்டியில் தோட்டங்களையும் கொளுத்தினார்கள், துரைமாரையும் வெட்டினார்கள். ஆவணத்தில் இருக்கிறது என்பீர்கள். எழுதியது யார்? அந்த அடிமைகளைத் தூக்கில் போட்டவர்கள்.

தேன்மொழி:
அதனால்தான் நம்புகிறேன் ஐயா. அடிமைகளைக் கொலைகாரர்களாகக் காட்டினால் லாபம் அவர்களுக்குத்தானே? அவர்களாலேயே கொல்லப்பட்டவர்களாக இரண்டு மூன்று வெள்ளையருக்கு மேல் கணக்குக் காட்ட முடியவில்லை. சுடப்பட்டும் தூக்கிலிடப்பட்டும் இறந்த அடிமைகளோ இருநூறுக்கு மேல். பெண்களைச் சவுக்கால் அடிப்பதை நிறுத்தச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஆளுநர் அதை உடனே வெளியிடவில்லை. ராஜா விடுதலையே கொடுத்துவிட்டார், துரைமார் மறைக்கிறார்கள் என்று அடிமைகளின் குடியிருப்புகளில் லயத்துக்கு லயம் பேச்சு. நமக்கு வந்த கடிதத்தை ஒளித்துவைத்தவனைப் பிடித்து உட்காரவைப்பதுபோல்தான் செய்தார்கள்.

நெய்தல்:
தொழுமரத்தை விடுங்கள், ஜாக்கை என்ன செய்யப்போகிறீர்கள்? சக்ஸஸ் தோட்டத்துத் தச்சர் குவாமினா, கிறிஸ்தவ சபையில் உதவிக்காரர், பொறுங்கள் என்று தடுத்தவர். அவரைச் சுட்டு, உடலைச் சங்கிலியில் கட்டித் தோட்டத்தின் முன்னே தொங்கவிட்டார்கள். திட்டம் போட்டதோ மகன் ஜாக். அவர் வாக்குமூலத்தில் அந்தச் சபையின் பாதிரியார் ஜான் ஸ்மித்தின் போதனைமேல் பழியைப் போட்டார். செயின்ட் லூசியாவுக்கு நாடு கடத்தப்பட்டு உயிர் தப்பினார். ஸ்மித் 1824 பிப்ரவரியில் சிறையிலேயே இறந்தார்.

கோபாலன்:
ஜாக் துரோகி. அப்படியே எழுதுங்கள்.

தேன்மொழி:
எழுத மாட்டேன். அந்த வாக்குமூலத்தின் ஆங்கிலம் ஜாக்கைப் போலப் பீப்பாய் செய்யும் அடிமையின் வாயிலிருந்து வருவதாகவே இல்லை. தூக்குக்கயிற்றைக் காட்டி வாங்கியதை வைத்து ஒரு மகனைத் தீர்ப்பிட என்னால் முடியாது.

கோபாலன்:
சற்றுமுன் ஆவணத்தை நம்புகிறேன் என்றீர்களே அம்மா!

தேன்மொழி:
எழுதியவனுக்கு எதிராக அது பேசும் இடத்தில் நம்புகிறேன். அவனுக்குச் சாதகமாகப் பேசினால் இரண்டு முறை படிக்கிறேன்.

கோபாலன்:
சரி, தொழுமரத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றிரவு அந்தத் துரை தண்ணீர் கேட்டிருப்பான். யார் கொடுத்தது? அந்தப் பக்கத்தை எழுதி அனுப்புங்கள்.