மறு: 'வென்ட் ஃபார் சர்ப்ளஸ்' – மறுகால் ஏற்றுமதி?

வணக்கம். உள்ளூர்த் தேவைக்கு மிஞ்சியதற்கு வெளிநாட்டில் வழி காண்பதைப் பொருளியலில் 'வென்ட் ஃபார் சர்ப்ளஸ்' என்பார்கள். அதற்குத் தமிழில் 'மறுகால் ஏற்றுமதி' என்று நான் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகளுக்கு இது என் பதில்.

> 'உபரி வடிகால்' போதுமே. பொருளும் தெளிவு, சொல்லும் எளிது.

ஐயா, தெளிவுதான். ஆனால் வடிகால் என்றதும் எனக்குச் சாக்கடைதான் நினைவுக்கு வருகிறது. 1776இல் ஆடம் ஸ்மித் சொன்னதை, உள்ளூரில் போகாததைத் தள்ளிவிடத்தான் வெளிநாட்டு வாணிகம் என்பதாக எடுத்துக்கொண்டு, அது பழைய வணிகவாதத்தின் (ஏற்றுமதியைக் கூட்டிப் பொன் சேர்ப்பதே செல்வம் என்ற கொள்கையின்) மிச்சம் என்று 1848இல் ஒதுக்கினார் ஜான் ஸ்டூவர்ட் மில். 'வடிகால்' அதே வாசிப்புக்குத்தான் வழிவிடும். பர்மியப் பொருளியலாளர் ஹ்லா மியின்ட் 1958இல் இந்தக் கருத்தைத் திரும்ப எடுத்தபோது அவர் பேசியது கழிவைப் பற்றி அல்ல, சும்மா கிடக்கும் நிலத்தையும் உழைப்பையும் பற்றி.

சொல்லை விட்டுவிட்டு ஒரு நிமிடம் ஸ்பெயினுக்குப் போவோம். 2008க்குப் பிறகு அங்கே கட்டுமானம் படுத்தது. 2013இல் வேலையின்மை 26 சதவீதம். உள்ளூரில் வாங்க ஆளில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் ஏற்றுமதி ஏறியது. 2009இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்குக்கும் கீழே இருந்தது, 2013இல் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. (மொத்தம் சுருங்கியதால்தானே என்று கேட்பீர்கள். இல்லை, சரக்கின் அளவும் கூடியது.) நான்கு பொருளியலாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதை நிறுவனம் நிறுவனமாகப் பார்த்தது. ஊருக்கு ஊர் தேவை எவ்வளவு விழுந்தது என்பதை அங்கிருந்த வண்டிகளின் எண்ணிக்கையை வைத்து அவர்கள் அளந்தது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கே தேவை அதிகம் விழுந்ததோ, அங்கிருந்த ஆலைகளே வெளிநாட்டு விற்பனையை அதிகம் கூட்டியிருந்தன.

ஏன்? இயந்திரமும் ஆளும் ஏற்கெனவே இருக்கிறார்கள். உள்ளூர் ஆர்டர் நிறைந்து கிடக்கும்போது இன்னும் ஒரு உருப்படி செய்ய ஓவர்டைம் கொடுக்க வேண்டும். ஆர்டர் விழுந்ததும் அந்த அடுத்த உருப்படியின் செலவு இறங்குகிறது. நேற்றுவரை கட்டுப்படியாகாத வெளிநாட்டு விலை இன்று கட்டுப்படியாகிறது.

இதைப் படித்தபோதுதான் எங்கள் ஊர்க் கண்மாய் நினைவுக்கு வந்தது. வயலுக்குப் போகும் மடையை அடைத்துவிட்டால் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். ஒரு மட்டத்துக்கு மேல் மறுகால், அதாவது நிரம்பி வழியும் நீருக்கான வாய்க்கால், பாயும். பாய்ந்த தண்ணீர் வீணாவதில்லை, கீழே அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போய்ச் சேரும். மடை உள்ளூர்ச் சந்தை, மறுகால் ஏற்றுமதி. 'மறுகால் ஏற்றுமதி' என்று நான் சொன்னது இதனால்தான்.

> எங்கள் பக்கம் மறுகால் என்றால் யாருக்கும் புரியாது. ஏரி 'கோடி போகிறது' என்றுதான் சொல்வோம்.

செங்கல்பட்டு நண்பருக்கு: 'கோடி ஏற்றுமதி' என்று போட்டால் எத்தனை கோடி என்று கேட்பார்கள்! நீர் வழியும் இடத்துக்கு இன்னொரு பெயரான 'கலங்கல்' போடலாம் என்றால், கலங்கிய தண்ணீர் என்று படிக்கவும் இடமிருக்கிறது. மறுகாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. தெரியாதவருக்கும் 'மறு', 'கால்' இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு வாய்க்கால் என்று பிடிபடும்.

> திருப்பூரும் மறுகால் ஏற்றுமதிதானே?

இல்லை. இதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அங்கே எழுபதுகளின் கடைசியில் இத்தாலிய இறக்குமதியாளர் பனியனுக்கு ஆள் தேடி வந்தார். உள்ளூர் பனியன் விற்காமல் தேங்கியதால் தொடங்கிய கதை அல்ல அது. அப்புறம் எக்ஸ்போர்ட்டுக்கென்றே கம்பெனிகள் முளைத்தன. அவர்களுக்கு உள்ளூர்க் கண்மாயே கிடையாது. 2004 முடிய கோட்டா (துணி வாங்கும் நாடுகள் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வைத்த வரம்பு) இருந்த காலத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. முந்தைய ஆண்டுகளில் அனுப்பிய அளவைப் பார்த்துக் கோட்டாவில் ஒரு பகுதி கிடைத்ததால், லாபம் மெலிந்தாலும் ஷிப்மென்ட்டை விடாமல் அனுப்ப வேண்டியிருந்தது. ஏற்றுமதி செய்யவைக்கும் இந்தக் காரணங்கள் எல்லாவற்றுக்கும் பொதுச்சொல்லாக 'ஏற்றுமதித் தூண்டல்' இருக்கட்டும். 'ஊக்கம்' வேண்டாம், ஊக்கத்தொகை, ஊக்குவிப்பு என்று அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

என் சொல்லிலும் ஓர் ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். மடையைத் திறந்து நீர்மட்டம் இறங்கினால் மறுகால் நின்றுவிடும். ஸ்பெயினில் பொருளாதாரம் மீண்ட பிறகும் ஏற்றுமதியின் பங்கு பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஏஜென்ட் பிடித்து, சோதனைச் சான்றிதழ் வாங்கி, அந்த ஊர் மொழியில் லேபிள் அடித்த செலவெல்லாம் திரும்ப வராது. ஒருமுறை போட்டவர் எளிதில் விட்டுவருவதில்லை. ஓடிய தண்ணீர் தனக்கொரு ஓடை வெட்டிக்கொண்டது என்று வேண்டுமானால் சமாளிக்கலாம். சொல் ஒன்றுக்கு இவ்வளவு பாரம் ஏற்ற வேண்டியதில்லை என்பது என் கட்சி.

பதிவுக்கான வரைவு:

மறுகால் ஏற்றுமதி – உள்நாட்டுத் தேவை குறைந்ததால் மிஞ்சும் உற்பத்தித் திறனைக் கொண்டு செய்யும் ஏற்றுமதி. உள்நாட்டு விலைக்கும் கீழே வெளிநாட்டில் விற்கும் பொருள்குவிப்பு (டம்பிங்) வேறு.

திருப்பூர் வகைக்கு, அதாவது கேட்காமலே வாசலுக்கு வரும் ஆர்டருக்கு, இன்னும் பெயர் இல்லை. 'தேடிவரு ஆர்டர்' என்று எழுதிப் பார்த்தேன், பாதித் தமிழாக நிற்கிறது. வேறு தோன்றினால் சொல்லுங்கள்.