பத்மினி காருக்குப் புது சீட்: இந்தப் பக்கம் யாராவது மாற்றியிருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் பிரீமியர் பத்மினியில் முன்னால் இருப்பது ஒரே நீள பெஞ்சு சீட். தலைக்குச் சாய்மானம் கிடையாது. தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போனாலே அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது.

அதனால் இப்போதைய சின்ன கார் ஒன்றின் தனித்தனி சீட் இரண்டைப் போட நினைக்கிறேன். கியர் ஸ்டீயரிங் பக்கம் என்பதால் நடுவில் இடைஞ்சல் இல்லை. கவலையெல்லாம் தரைத்தகடுதான். இந்த வண்டிக்கு அடியில் தாங்கும் தனி இரும்புச் சட்டம் (சேசிஸ்) இல்லை. மெல்லிய தகட்டில் வெறுமனே துளை போட்டு போல்ட் முறுக்கினால், வேகத்தில் பிரேக் அடிக்கும்போது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அடியில் கனத்த தகடு கொடுத்துப் பளுவைப் பரப்ப வேண்டும். அப்புறம் சீட் உயரம், தலை கூரையில் இடிக்கக் கூடாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரில் இதைப் பொறுமையாக அளந்து செய்யும் பட்டறை தெரியுமா? எந்தக் காரின் சீட் சரியாக உட்கார்ந்தது? பழைய சீட்டை வெட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். படம் இருந்தால் போடுங்கள்.